நீர்ச்சறுக்கு பிறந்த ஏரியில் ட்யூப் சவாரி: சின்னப் படகுக்கு எந்த ட்யூப் சரி?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓடும் கார்களின் நம்பர் பிளேட்டில் '10,000 ஏரிகள்' என்று பொறித்திருப்பார்கள். உண்மையில் அது குறைத்துச் சொன்ன கணக்கு. 10 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது. அங்கே பதிவு செய்யப்பட்ட படகுகள் 8 லட்சத்துக்கும் மேல். நம் ஊரில் வீட்டு வாசலில் பைக் நிற்பதுபோல, அங்கே பல வீடுகளின் வாசலில் டிரெய்லரில் ஏற்றிய படகு நிற்கும்.

மே மாதக் கடைசியில் குளிர் விலகியதும் அந்தப் படகுகள் எல்லாம் தண்ணீருக்கு வந்துவிடும். செப்டம்பர் தொடக்கம் வரை இதுதான் சீசன். மீன் பிடிப்பவர்கள் ஒரு பக்கம், சும்மா சுற்றி வருபவர்கள் ஒரு பக்கம். இவர்களுக்கு நடுவே படகின் பின்னால் கயிற்றில் கட்டிய காற்றடைத்த ட்யூப் ஒன்று துள்ளித் துள்ளி வரும். அதன் மேல் குப்புறப் படுத்தோ, சாய்ந்து உட்கார்ந்தோ குழந்தைகள் கத்திக்கொண்டு போவார்கள். கோடை விடுமுறையில் அங்குள்ள பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கொண்டாட்டம் கிடையாது.

இப்படிப் படகுக்குப் பின்னால் இழுபட்டுப் போகும் விளையாட்டுக்கு ஒரு சொந்த ஊர் உண்டு. அதன் பெயர் லேக் சிட்டி.

ஏரியா, ஆறா?

மினியாபொலிஸ் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, 61-ம் எண் நெடுஞ்சாலையில் இருக்கிறது லேக் சிட்டி. சின்ன ஊர்தான். ஊருக்கு முன்னால் விரிந்து கிடப்பது பெப்பின் ஏரி. ஏரி என்று பெயரே தவிர, ஓடி வருவது மிசிசிப்பி ஆறு. எதிர்க்கரையில் வந்து சேரும் சிப்பேவா ஆறு காலகாலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணல், மிசிசிப்பியின் பாதையை இறுக்கியது. அதனால் மேற்புறம் நீர் தேங்கி, சுமார் 35 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறே ஏரியாக அகன்றுவிட்டது.

ஏரியின் நடுவே மாநில எல்லை போகிறது. இந்தக் கரை மினசோட்டா, அந்தக் கரை விஸ்கான்சின். இரு கரையிலும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், அவற்றின் அடிவாரத்தில் ரயில் பாதைகள். லேக் சிட்டியில் நூற்றுக்கணக்கான பாய்மரப் படகுகளும் மோட்டார் படகுகளும் நிற்கும் பெரிய படகுத்துறை இருக்கிறது. ஏரியின் நடுவே சரக்குக் கப்பல் பாதையும் உண்டு. தானியமும் உரமும் ஏற்றிய பார்ஜ்களை வரிசை வரிசையாகக் கட்டி, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் பெரிய படகுகள் இந்த வழியாகத்தான் போய் வருகின்றன. அவற்றால் நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது, சட்டென்று ஒதுங்கவும் முடியாது. ஒதுங்க வேண்டியது சின்னப் படகுகள்தான்.

பலகையை வேகவைத்த பையன்

1922-ம் ஆண்டு. ரால்ஃப் சாமுவெல்சன் என்ற லேக் சிட்டி இளைஞருக்கு ஒரு யோசனை. பனியில் சறுக்க முடிகிறது என்றால், தண்ணீரில் ஏன் முடியாது? முதலில் மரப்பீப்பாயின் பட்டைகளைக் காலில் கட்டிப் பார்த்தார். மூழ்கினார். பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிப் பார்த்தார். அதிலும் மூழ்கினார்.

பிறகு மரக்கடையில் 8 அடி நீளம், 9 அங்குல அகலத்தில் இரண்டு பைன் பலகைகள் வாங்கினார். அம்மாவின் செப்புப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பலகைகளின் நுனியை அதில் வேகவிட்டு, மேல்நோக்கி வளைத்து இறுக்கிக் கட்டினார். கால் நுழைக்கத் தோல் பட்டை. இழுக்க, ஜன்னல் சட்டத்துக்குப் பயன்படும் சாதாரணக் கயிறு, சுமார் 100 அடி. கைப்பிடிக்கு ஓர் இரும்பு வளையம். படகை ஓட்டியவர் அவருடைய சகோதரர் பென்.

நாள் கணக்கில் விழுந்து விழுந்து எழுந்தார். கட்டைகளின் நுனியை நீருக்கு மேலே தூக்கிவைத்து, உடலைப் பின்னால் சாய்த்தால் எழும்ப முடியும் என்பது கடைசியில் பிடிபட்டது. ஜூலை 2-ம் தேதி, தன் 19-வது பிறந்தநாளுக்கு முதல் நாள், பெப்பின் ஏரியின் மேல் நின்றபடி சறுக்கிக்கொண்டு போனார். 1925-ல் சாய்வு மேடையில் பன்றிக் கொழுப்பைத் தடவி அதிலிருந்து தாண்டிக் காட்டினார்.

அவர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1925-ல் நீர்ச்சறுக்குக் கட்டைக்குக் காப்புரிமை பெற்றவர் ஃப்ரெட் வாலர் என்ற இன்னொருவர். சாமுவெல்சனின் பெயரையே உலகம் மறந்துபோனது. 1966-ல்தான் அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் அவரை முன்னோடி என்று ஏற்றுக்கொண்டது. இன்று 'நீர்ச்சறுக்கின் பிறப்பிடம்' என்று ஊரே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. ஆண்டுதோறும் ஜூன் கடைசியில் நீர்ச்சறுக்குத் திருவிழாவும் நடக்கிறது.

நீர்ச்சறுக்குக்குப் பழக்கம் வேண்டும், கால் பலம் வேண்டும். ட்யூபுக்கு எதுவும் வேண்டாம். ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தால் போதும். 7 வயதுக் குழந்தையும் போகலாம், தாத்தாவும் போகலாம். ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. சறுக்குபவருக்குப் பயம் வந்தால் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே தண்ணீரில் அமிழ்ந்துவிடலாம். ட்யூபில் இருப்பவரிடம் ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. எங்கே போவது, எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் வளைவு என்று எல்லாமே படகு ஓட்டுபவரின் கையில் இருக்கிறது.

அதனால் ட்யூப் வாங்கும்போது அட்டைப்பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது சொந்தப் படகை.

படகு என்ன சொல்கிறது?

அப்பா, அம்மா, 13 வயது அண்ணன், 7 வயதுத் தங்கை. 16 அடி நீள அலுமினியப் படகு, பின்னால் 50 குதிரைத்திறன் மோட்டார். இப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான மோட்டார் படகுகளில் ஒரு சின்னத் தகடு பொருத்தியிருப்பார்கள். எத்தனை பேர் ஏறலாம், மொத்தம் எவ்வளவு எடை தாங்கும், எவ்வளவு குதிரைத்திறன் வரை மோட்டார் பொருத்தலாம் என்று அதில் இருக்கும். தகட்டில் 5 பேர் என்று இருந்தால், ட்யூபில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் 5 பேர் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. களைத்துப் போனாலோ, காற்று கிளம்பினாலோ அவர்கள் ஏறி வர வேண்டியது அதே படகில்தான். 'ட்யூபில் ரெண்டு பேர் போறாங்களே' என்று கூடுதலாக இரண்டு பேரை ஏற்றினால், அவசர நேரத்தில் இடம் இருக்காது.

அடுத்து, இழுவிசை. காற்றடைத்த பெரிய ட்யூப் தண்ணீரை உழுதுகொண்டு வரும். 4 பேர் உட்காரும் ட்யூபை 16 அடிப் படகில் கட்டினால், அது படகின் பின்பக்கத்தைப் பிடித்து அமுக்கும். படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். ஓட்டுபவருக்கு எதிரே வருவது தெரியாது. இந்தக் குடும்பத்துக்கு 2 பேர் ட்யூப் போதும். பெட்டியில் இடம் அடைக்காது, பம்ப் அடிக்க நேரமும் குறைவு.

கட்டும் இடமும் முக்கியம். படகின் பின்புறம் இரண்டு மூலையிலும் இழுவைக்கான வளையங்கள் இருக்கும். இரண்டையும் இணைத்து ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவில் வரும் கயிற்றுப் பூட்டை மாட்டினால் இழுப்பு நடுவே விழும். ஒரே மூலையில் கட்டினால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். சில படகுகளில் நீர்ச்சறுக்குப் பலகைக்காக உயரமான கம்பி மேடை இருக்கும். ட்யூப் கயிற்றை அதில் கட்டவே கூடாது. அவ்வளவு உயரத்தில் அவ்வளவு பாரம் இழுத்தால் மேடையும் உடையலாம், படகும் சாயலாம்.

படுப்பதா, உட்காருவதா?

கடையில் விதவிதமாக அடுக்கியிருப்பார்கள். அடிப்படையில் 4 வகை.

முதலாவது, தட்டை மெத்தை போன்றது. மேலே குப்புறப் படுத்து இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகமாகப் போகும், சறுக்கி விழுவதும் எளிது. பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான்.

இரண்டாவது, நடுவில் குழி உள்ள வட்ட ட்யூப். குழிக்குள் உடலைப் பதித்து உட்காரலாம். கால் வெளியே தொங்கும்.

மூன்றாவது, சோபா மாதிரி. முதுகுக்குச் சாய்மானம், பக்கத்தில் கைதாங்கல் எல்லாம் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கும் பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கும் இதுவே நல்லது. இந்த வகையில் சிலவற்றை முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு பக்கமும் கட்டி இழுக்கலாம். ஒரு பக்கம் கட்டினால் உட்கார்ந்து போகலாம், திருப்பிக் கட்டினால் மண்டியிட்டோ படுத்தோ போகலாம். தங்கைக்கும் அண்ணனுக்கும் ஒரே ட்யூப் போதும் என்றால் இதுதான் தோது.

நான்காவது, கடற்கரைகளில் பார்த்துப் பழகிய 'பனானா போட்' வகை. வரிசையாகக் குதிரை ஏறுவதுபோல உட்கார வேண்டும். சின்னக் குடும்பப் படகுக்கு இது நீளமும் அதிகம், சுமையும் அதிகம்.

எந்த வகை வாங்கினாலும் உறையின் துணியைத் தடவிப் பார்க்க வேண்டும். நூல் வியாபாரத்தில் கேட்கிற அதே 'டீனியர்' கணக்குதான் இங்கேயும். 420 டீனியர் நைலானைவிட 840 டீனியர் கனமானது, அதிக நாள் உழைக்கும். உள்ளே காற்றுப் பை பி.வி.சி.யால் ஆனது. தையல் முழுக்க நன்றாக இருக்கிறதா, கைப்பிடிக்கு அடியில் விரல் முட்டி உரசாமல் இருக்க மெத்து வைத்திருக்கிறார்களா, காற்றை வேகமாக இறக்கும் வால்வு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

காற்று அரைகுறையாக அடைத்தால் ட்யூப் நடுவில் மடிந்து தண்ணீருக்குள் மூக்கை நுழைக்கும், கயிற்றில் பாரம் ஏறும். உறையில் சுருக்கம் இல்லாத அளவுக்கு அடைக்க வேண்டும். அடைத்த ட்யூபை உச்சி வெயிலில் கரையில் போட்டுவைத்தால் உள்ளே காற்று விரியும், தையல் விடும். அந்த நேரத்தில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும்.

இரண்டு பேருக்கு 1,000 கிலோ கயிறு ஏன்?

ட்யூபின் மேல் ஆள் கணக்கு, எடைக் கணக்கு இரண்டும் எழுதியிருக்கும். இரண்டில் எது முதலில் நிறைகிறதோ அதோடு நிறுத்த வேண்டும். அமெரிக்க நீர் விளையாட்டுத் தொழில் சங்கத்தின் வழிகாட்டுதல்படி ஒரு ஆளுக்கு 77 கிலோ என்று கணக்கு. 2 பேர் ட்யூப் என்றால் 154 கிலோ. அண்ணனும் தங்கையும் சேர்ந்து 70, 80 கிலோதான் வருவார்கள். அப்பாவும் மாமாவும் ஆளுக்கு 90 கிலோ என்றால், இடம் இருந்தாலும் ஏறக் கூடாது.

கயிறு விஷயத்தில்தான் பலரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். அதே வழிகாட்டுதல், ஒருவர் ட்யூபுக்குக் குறைந்தது 680 கிலோ இழுப்பைத் தாங்கும் கயிறு வேண்டும் என்கிறது. 2 பேருக்கு 1,077 கிலோ, 3 பேருக்கு 1,520 கிலோ, 4 பேருக்கு 1,860 கிலோ.

154 கிலோ எடைக்கு ஏன் 1,077 கிலோ கயிறு? ட்யூப் அலையில் குதித்து இறங்கும்போதோ, மூக்கு நீருக்குள் புகும்போதோ கயிறு ஒரு நொடி தொய்ந்து மறுநொடி விண்ணென்று இழுக்கும். கயிற்றில் விழும் பாரம் அந்தக் கணத்தில் பல மடங்காகிவிடும். அப்போது அறுந்தால், கயிறு சாட்டைபோல படகை நோக்கியோ, ட்யூபில் இருப்பவரை நோக்கியோ திரும்பி வரும். அதனால்தான் மெல்லிய நீர்ச்சறுக்குக் கயிற்றை ட்யூபுக்குக் கட்டக் கூடாது என்கிறார்கள். வெயிலில் நிறம் மங்கிய கயிறு, நார் பிரிந்த கயிறு இரண்டையும் யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டும்.

கயிற்றின் நீளம் 50 அடிக்குக் குறையவும் கூடாது, 65 அடியைத் தாண்டவும் கூடாது. குறைந்தால் ட்யூப் படகின் பக்கத்தில் வந்துவிடும், மோட்டார் புகையும் முகத்தில் அடிக்கும். நீண்டால் வளைவில் ட்யூப் கண்ட இடத்துக்குப் போகும்.

வளைவில்தான் விபத்து

பொதுவாக ட்யூபில் குழந்தைகள் இருந்தால் மணிக்கு 24 கிலோமீட்டர், பெரியவர்கள் இருந்தால் 32 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். கேட்கும்போது 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ரங்கராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். நடுத்தூண் மெதுவாகத்தான் சுற்றும், ஓரத்தில் இருப்பவருக்குத்தான் தலை சுற்றும். படகு வளையும்போது ட்யூப் வெளிவட்டத்தில் வீசப்படுகிறது. படகின் மீட்டரில் 24 காட்டினாலும் ட்யூபின் வேகம் அதைவிட அதிகம். பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது.

த்ரில்லுக்கு எல்லை இல்லை என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. இழுக்க இழுக்க நீரிலிருந்து எழும்பிக் காற்றில் பறக்கும் 'கைட் ட்யூப்' ஒன்று அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இரண்டு பேர் உயிரிழந்ததாகவும், பலர் காயமடைந்ததாகவும் புகார்கள் வர, 2006-ல் சுமார் 19,000 ட்யூப்கள் திரும்பப் பெறப்பட்டன. ட்யூபின் இடம் தண்ணீர்தான் என்ற பாடம் அப்படிக் கிடைத்தது.

பின்னால் ஒரு கண்

மினசோட்டா சட்டப்படி, ஆளை இழுத்துச் செல்லும் படகில் ஓட்டுபவரைத் தவிர பின்னால் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் வேண்டும். இல்லையென்றால் பின்புறம் நன்றாகத் தெரியும் கண்ணாடியாவது வேண்டும். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு மறுநாள் உதயம் வரை யாரையும் இழுக்கக் கூடாது. ஓடும் படகில் 10 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ட்யூபில் ஏறினால் வயது பார்க்காமல் எல்லோரும் அணிவதே சரி. வாங்கும்போது உடம்புக்கு இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் மட்டும் காதுவரை ஏறினால் அளவு பெரிது.

இந்த ஏரிபோல மத்திய அரசின் அதிகாரத்தில் உள்ள நீர்வழிகளில் இன்னொரு விதியும் உண்டு. 26 அடிக்குக் குறைந்த படகில் இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச் இருந்தால், வேகமாகப் போகும்போது அதன் கயிற்றை ஓட்டுபவர் தன் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் இன்ஜின் தானாக நின்றுவிடும்.

மோட்டார் சத்தத்தில் கத்தினால் கேட்காது. அதனால் கைதான் பேசும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு. கீழே என்றால் குறை. கழுத்தின் குறுக்கே கையை இழுத்தால் உடனே நிறுத்து. தலையைத் தட்டினால் கரைக்குப் போகலாம். குழந்தைக்கு இந்த நான்கும் கரையிலேயே மனப்பாடம் ஆன பிறகுதான் ட்யூபில் ஏற்ற வேண்டும். யாராவது விழுந்தால், மெதுவாகச் சுற்றி வந்து, ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும் பக்கமாக நெருங்கி, இன்ஜினை முழுக்க அணைத்த பிறகே கை கொடுக்க வேண்டும். சுழலும் விசிறிக்குப் பக்கத்தில் 'நியூட்ரல்' என்பது போதாது.

இரண்டு ட்யூபை ஒரே நேரத்தில் கட்டி இழுக்கும் ஆசையும் வேண்டாம். வளைவில் இரண்டும் ஒன்றை ஒன்று நோக்கி வரும், தலையோடு தலை மோதும்.

1890 ஜூலை 13

பெப்பின் ஏரி பார்க்கச் சாது. ஆனால் நீளவாக்கில் காற்று அடித்தால் அலை எழும்ப அதிக நேரம் ஆகாது.

1890 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. 'சீ விங்' என்ற நீராவிப் படகு, பக்கவாட்டில் ஒரு பார்ஜையும் கட்டிக்கொண்டு, லேக் சிட்டி அருகே நடந்த ராணுவ முகாமைப் பார்க்க வந்த 200-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மாலையில் ஊர் திரும்பியது. புயல் மிரட்டிய வேளை. நடு ஏரியில் சூறைக்காற்றில் சிக்கிப் படகு கவிழ்ந்தது. 98 பேர் இறந்தார்கள். பெண்களில் பெரும்பாலோர் தப்பவில்லை. படகின் கேப்டன் டேவிட் வெதர்ன் உயிர் பிழைத்தார். அதே படகில் வந்த அவர் மனைவியும் ஒரு மகனும் பிழைக்கவில்லை.

அது உல்லாசப் பயணம்தான். ஓட்டியவர் பழகியவர்தான். ஏரியும் பழகிய ஏரிதான். வானம் கறுத்தால் ட்யூபைப் படகில் ஏற்றிக் கரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. மேகம் தெரியும்போதே கிளம்ப வேண்டும், மழை விழட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கரை ஏறிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். இந்த ஏரியில் ஸீப்ரா மஸல் என்ற அந்நிய மட்டி இனம் பரவியிருக்கிறது. அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. மினசோட்டாவில் படகை ஏரியிலிருந்து எடுத்ததும் அடைப்பானைத் திறந்து நீரை வடித்து, ஒட்டிய பாசியை நீக்கிய பிறகுதான் சாலைக்கு ஏற்ற வேண்டும். ட்யூபின் உறைக்குள் தேங்கும் நீரையும் வடித்து, நன்றாகக் காயவைத்து மடித்தால் அடுத்த ஏரிக்கும் நல்லது, ட்யூபுக்கும் பூஞ்சை பிடிக்காது.

நுனி வளைந்த சரியான பலகை அமையும் வரை சாமுவெல்சன் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். தண்ணீரில் விழுந்ததும் அவரே, எழுந்ததும் அவரே. இங்கே தேர்வு செய்வது பெற்றோர், விழப்போவது பிள்ளைகள். ஆகவே ட்யூப் வாங்கும்போது வீட்டில் யாருக்கு அதிகத் துணிச்சல் என்று பார்க்க வேண்டாம். யாருக்கு அதிகப் பயம் என்று பாருங்கள். அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டே கட்டைவிரலை மேலே தூக்கினால், வாங்கியது சரியான ட்யூப்.